சிலைக்கு நின்ற தம்பி

என் உருண்டைக் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், தம்பி மூன்று பேரும் ஏதோ இருக்கிறோம், உன் சுகத்தை எழுது என்று கேட்கத்தான் கை போகிறது, பட்டாளத்தில் சேர்ந்து சண்டையில் நீ விழுந்து, உன்னைப் பெட்டியில் வைத்து வாசலில் இறக்கிவிட்டுப் போன பிறகு அந்தக் கேள்வியை எங்கே கொண்டுபோய்க் கேட்பேன், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் உனக்கு எழுதிப் பழகிய கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அம்மா எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு என்று சிரிப்பாயே, இப்பவும் சிரித்துக்கொள். அப்பாவுக்கு முட்டிவலி விட்டபாடில்லை, பஸ் பட்டறையில் வண்டிக்கு அடியில் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை, ஜாக்கி வச்சு என்னைத் தூக்குங்கடா என்று அங்கே எல்லோரையும் சிரிக்க வைக்கிறாராம், வீட்டுக்குள் வந்தால் ஒரு வார்த்தை கிடையாது. நான் அதே தையல் கம்பெனியில் அதே காலர் வரிசையில்தான் இருக்கிறேன், பக்கத்து மிஷின் அக்கா மட்டும்தான் உன் பேச்சை எடுத்து உன் சேட்டையெல்லாம் கேட்பாள், மற்றவர்கள் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நகரசபைத் தலைவர் வீட்டுக்கு வந்து, நம் தெருமுனைப் பூங்காவில் உனக்குச் சிலை வைக்கப்போகிறோம் என்றார். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிவர நீ திரும்பிப் போனாயாமே, அவன் பிழைத்துக்கொண்டான், நீ வரவில்லை, இப்படிப்பட்டவனை மறந்தால் நாங்க மனுஷங்களே இல்லைம்மா என்று அவர் கண் கலங்கிப் பேசினார், பெற்ற வயிறு குளிர்ந்தது என்று சொன்னால் பொய் இல்லை. சிலை செய்கிறவருக்கு உன் போட்டோவில் கழுத்துவரைக்கும்தான் கிடைத்தது. உங்க பெரியவருக்குக் கொஞ்சம் தொந்தி உண்டாமே, தொந்தி வச்ச வீரனை ஊர் ஒத்துக்காதும்மா என்றார். பட்டாளத்தில் ஓட ஓட விரட்டியும் கரையாத தொந்தி அது, அதைப் போய்ச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு நம் சின்னவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவர் அளவெடுத்த மாதிரி இருக்கார், அண்ணன் உடுப்பைப் போட்டுக்கிட்டு வந்து நிக்கட்டும் என்றார். உன்னோடு வந்த டிரங்குப் பெட்டியில் இருந்த உடுப்பு அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. நான்தான் இடுப்பில் இரண்டு பக்கமும் பிடித்து, தோளைக் குறைத்துத் தைத்துக் கொடுத்தேன். நல்ல காரியத்துக்குத்தானே என்று நினைத்தேன் கண்ணு.

செல்போன் கடை வேலை முடிந்ததும் அவன் தினமும் போய் நின்றான். முதலில், கால் மரத்துப்போகுது, மூக்கு அரிச்சா சொறியக்கூட விடமாட்டேங்கறார் என்று புலம்பினான். அப்புறம் புலம்பல் நின்றது, நடை மாறியது, உடுப்பைக் கழற்றாமலே வீட்டுக்கு வர ஆரம்பித்தான், வழியில் பெரியவர்களெல்லாம் எழுந்து நிற்கிறார்களாம். அதுவரைக்கும் அவனுக்காக யார் எழுந்து நின்றார்கள், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது தலையை நிமிர்த்தாமலே, பட்டாளத்துக்கு எழுதிப் போட்டேன், எடுத்துக்கிட்டாங்க, சிலை திறந்த மறுவாரம் கிளம்பணும் என்றான். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். எனக்குக் கையில் இருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

போன வாரம் திறப்பு விழா. துணியை இழுத்ததும் நான் என்ன பேச வேண்டும் என்று தலைவர் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார், ஒரு பிள்ளையைக் கொடுத்தேன், இதோ இன்னொரு பிள்ளையையும் தருகிறேன், அவ்வளவுதான் என்றார். இன்னொரு பிள்ளை என்கிற அந்தப் பேச்சு சின்னவன் சொல்லித்தான் வந்ததாம். நானும் மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். துணி விழுந்தது. முகம் நீதான், அந்தக் குறும்புக் கண் நீயேதான். ஆனால் கீழே பார்த்தால் தோள் அவன் தோள், கதவிடுக்கில் நசுங்கி வளைந்த அவன் சுண்டுவிரலைக்கூட அந்த மனுஷர் விடாமல் செய்து வைத்திருந்தார். சிமெண்டிலும் அந்த விரல், முன்வரிசையில் நின்றவன் கையிலும் அதே விரல். உயிரோடு நிற்கிற பிள்ளைக்குச் சிலை வைத்துவிட்டார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்தார்கள். பெரியவனை நான் கொடுக்கலை, அவனா போனான், அந்தப் பெருமை அவனோடது, சின்னவனைத் தர்றேன்னு என் வாயால சொல்லமாட்டேன் என்றேன். தலைவர்தான் மைக்கை வாங்கி, தாய்மனசு அப்படித்தான் பேசும் என்று சமாளித்தார்.

அதற்கப்புறம் தம்பி என்னிடம் முகம் கொடுக்கவில்லை. ஊர் முன்னால அம்மா என்னைக் கோழையாக்கிட்டாங்க என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். நான் உன் உடுப்பை எடுத்து, நான் பிடித்த தையலையெல்லாம் உட்கார்ந்து பிரித்தேன், உன் அளவுக்கே வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, பிரிச்சா நின்னுடுவேனா, அங்கே எனக்கு வேற குடுப்பாங்கம்மா என்றான். நேற்றுத்தான் உட்கார்ந்து பேசினான். செத்தவனை ஊரே கும்பிடுது, உயிரோட இருந்து நான் என்னத்தைக் கண்டேன் என்று கேட்கிறான், பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது. அண்ணன் இருந்தா முதுகில தட்டி, போடான்னுதான் சொல்லியிருப்பான் என்கிறான். போனில் நீ என்றைக்கும் அவன் சாப்பிட்டானா தூங்கினானா என்றுதான் கேட்பாய், அங்கே எப்படிப்பா இருக்கு என்று நான் கேட்டால், நல்லாத் தூங்கறேன்மா என்பாய், வேறு ஒன்றும் சொன்னதில்லையே, நான் எதை வைத்து அவனிடம் வழக்காடுவேன்.

நீ இருக்கிற இடத்தில் ஒரு குறையும் இல்லாமல் இரு ராசா, உன் பேர் நிலைக்கட்டும். தலையில் காக்கா உட்கார்ந்தால் கோபித்துக்கொள்ளாதே, கம்பெனி விட்டு வரும்போது நான் துடைத்துவிட்டு வருகிறேன். வெள்ளிக்கிழமை தம்பிக்கு ரயில், அன்றைக்கு மட்டும் அவன் பக்கத்திலேயே இரு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைச் சுமந்த அம்மா

அவன் சொல்கிற மாதிரி நீ போடா என்பாயா கண்ணு, இல்லை, கையைப் பிடித்து நிறுத்துவாயா?