நாலாவது மூலை

அமாரா நகரம்,
அம்மாவின் நாற்பதாம் நாள் துக்கம் முடிந்த மறுநாள்.

அன்பு மகன் மைத்தமுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது, எழுதினால் பொய்யாகிவிடும். நீயாவது உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன். நாற்பது நாளாக என் ஃபோனை நீ எடுக்கவில்லை, எடுக்காதது நியாயம்தான். அதனால் நீ இருக்கிற மால்மோ நகருக்குத் திரும்புகிற எதிர்வீட்டுக்காரர் மருமகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் தங்கை இப்திஹால் மறுபடி பள்ளிக்கூட வேலைக்குப் போகிறாள், நான்தான் காரில் கொண்டுபோய் விடுகிறேன். தம்பி சஜ்ஜாத் பரீட்சைக்குப் படிக்கிறானாம், புத்தகம் விரிந்திருக்கிறது, கண் சுவரில் இருக்கிறது. எருமைப் பாலாடை விற்கிறவள் இன்னும் வாசலில் நின்று அம்மா பேரைச் சொல்லி நூரியா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். வாங்கி வைக்கிறோம், யாரும் தொடுவதில்லை.

சொல்ல வந்தது காரைப் பற்றி. அம்மாவின் மய்யித்துப் பெட்டியைக் காரின் மேல் கேரியரில் கட்டி நஜபில் அடக்கக் கொண்டுபோன அன்று, வழியில் திவானியா ஊரைத் தாண்டியதும் கீச் கீச்சென்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. அடக்கம் முடிந்து திரும்பியும் நிற்கவில்லை, தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் இறங்கினால் கத்தும், திரும்பினால் கத்தும். மெக்கானிக் உஸ்தா ஜப்பாரிடம் நாலு தடவை விட்டேன். பெல்ட்டை மாற்றினான், அடியில் ரப்பர்களை மாற்றினான், கதவுக் கீல்களுக்கெல்லாம் கிரீஸ் பூசினான். கடைசியில் வண்டிக்கு ஒன்றுமில்லை, சத்தம் என் காதில்தான் என்று கிண்டல் செய்தான். போன வாரம் மழை பெய்தபோது சத்தம் நின்றது, வெயில் வந்ததும் திரும்பிவிட்டது. அதைச் சொன்னதும் அவன் முகம் மாறியது. "அபூ மைத்தம், தெனமும் குட்டைத் தண்ணியில எறங்கியும் கத்துற வண்டி, மழை நனைச்சா மட்டும் வாய மூடுதுன்னா, நாம கீழ தேடுனதுதான் தப்பு" என்று ஸ்டூலைப் போட்டு ஏறினான். கழற்ற மனமில்லாமல் நான் அப்படியே விட்டிருந்த கேரியரில் மூன்று மூலையும் கல் மாதிரி இருந்தது. நாலாவது மூலை போல்ட்டை இரண்டு விரலால் சுற்றிக் காட்டினான். இதை யார் மாட்டியது என்று கேட்டான்.

மாட்டியது நான்தான் மைத்தம். அன்று காலை தாமிர் மாமா ஒரு மூலை, சஜ்ஜாத் ஒரு மூலை, எதிர்வீட்டுக்காரர் ஒரு மூலை மாட்டினார்கள். அம்மா தலைமாட்டுப் பக்கத்து மூலை மூத்தவனுக்கு என்று நான் பிடித்து வைத்தேன். அங்கே தங்குவதற்கான பேப்பர் வராமல் நீ கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று நீ அழுதுகொண்டு சொன்னது என் புத்திக்குத் தெரியும். ஆனாலும் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் திரும்புகிற ஒவ்வொரு டாக்ஸியையும் பார்த்தேன். மாமா நேரமாகிறது என்றார், பாதி முறுக்கியதோடு விட்டுவிட்டேன். அப்படிச் செய்த நான்தான் அன்று சாயங்காலம் உன்னிடம், நாலு பேர் தூக்க வேண்டியவளை உன் மூலை காலியாக மூன்று பேர் தூக்கினார்கள் என்று ஃபோனில் கத்தினேன். திவானியாவிலிருந்து அவள் தலைமாட்டில் கத்திக்கொண்டு போனது என் கை அரைகுறையாக விட்ட வேலை. நீ வராததால் அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை. இன்னொன்றையும் மறைத்துவிட்டேன். உயிர் போவதற்கு முந்தைய நாள் அவள் என் கையைப் பிடித்து, "புள்ளைய வரச் சொல்லிடாதீங்க, அவனுக்குப் பேப்பர் கெடைக்கட்டும்" என்றாள். ஆத்திரத்தில் அதை உன்னிடம் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு.

குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, ரொட்டியை மட்டும் தின்று நாளைக் கழிக்காதே. அம்மாவின் துஆ உனக்கு முன்னால் நடக்கட்டும், அல்லாஹ் உன்னை எந்தக் கையிலும் சிக்காமல் காப்பாற்றட்டும். ஒருமுறை ஃபோனை எடு, பேசாவிட்டாலும் பரவாயில்லை, மூச்சைக் கேட்டுக்கொள்கிறேன். ஜப்பார் அந்த போல்ட்டை முறுக்கப் போனான், தடுத்துவிட்டேன். ஸ்பேனர் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. பேப்பர் வந்ததும் நீ வந்து முறுக்கு, அதுவரை கத்திக்கொண்டிருக்கட்டும்.

ஊர் இன்னும் உன் பேரைச் சொல்லியே கூப்பிடுகிற
உன் அப்பா,
அபூ மைத்தம்