எலும்பில்லாத எக்ஸ்ரே

மட்டாஞ்சேரி,
18-7-1979

செல்லக் குழந்தை சீதாலக்ஷ்மிக்கு அம்மா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் விடாத மழையும் சௌக்கியம். அங்கே இப்போது நல்ல வெயில் என்று எழுதியிருந்தாய், அதில் கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்பினால் கொடியில் காயாமல் தொங்கும் புடவைகளுக்கு உபகாரமாக இருக்கும்.

நீ கேட்டதற்கு ஏன் இன்னும் பதில் இல்லை என்று தவித்துக்கொண்டிருப்பாய். இன்னும் மூன்று வருஷம் கனடாவிலேயே இருந்து ஆராய்ச்சி பண்ணட்டுமா, அம்மா சம்மதித்தால்தான் இருப்பேன், இல்லாவிட்டால் தை மாதம் புறப்பட்டு வந்துவிடுகிறேன் என்று எழுதிவிட்டாய். சமர்த்துதான். பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டு நீ நிம்மதியாக இருக்கிறாய். நீ வரப்போகிறாய் என்று மாடி அறைக்கு வெள்ளையடித்து ஜன்னலுக்குப் பச்சை பெயிண்டும் பூசியாயிற்று, அப்பா பிராட்வே கடைத்தெருவுக்குப் போய் உனக்கு மேஜை விளக்குகூட வாங்கிக்கொண்டு வந்தார். அதெல்லாம் கூடாது, வந்துவிடு என்று எழுதத்தான் நான் தாளை எடுத்து வைத்தேன். மத்தியானம் எழுத உட்கார்ந்தால் மழை பிடித்துக்கொள்ளும், கீழே கிடங்கிலிருந்து குறுமிளகு மூட்டைகளின் நெடி ஏறி வரும், துறைமுகப் பக்கம் ஏதாவது கப்பல் நீளமாகச் சங்கு ஊதும், கண் தானாகச் சொருகிவிடும். கனவில் நீ அந்த வெள்ளையடித்த அறையில் உட்கார்ந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாய். கூப்பிட்டால் திரும்ப மாட்டாய், ஆனால் முகம் சந்தோஷமாக இருக்கும். விழித்த பிறகு எழுத மனசு வராது, தாளை மடித்து வைத்துவிடுவேன்.

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோதுதான் உன் கையெழுத்தில் அந்தக் கவர் வந்தது. உள்ளே கடிதம் கிடையாது, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் கறுப்பாக நீளமாக, வெள்ளைக் கோடுகள் விழுந்த ஒரு பிலிம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அம்மிணி அப்போது இங்கேதான் இருந்தாள். புருஷனுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தவள் அல்லவா, கையில் வாங்கிப் பார்த்ததுமே இது எக்ஸ்ரேயாணு சேச்சி என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நீ மூன்று வருஷம் கேட்டது படிப்புக்கு இல்லை, வைத்தியத்துக்கு, வாயால் சொல்லப் பயந்துகொண்டு படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறாய் என்று மனசு தானாகவே முடிச்சுப் போட்டுவிட்டது. ஆபீஸிலிருந்து அப்பாவை வரவழைத்து, பிலிமைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, சுள்ளிக்கல்லில் இருக்கிற டாக்டர் வெங்கடேஸ்வரனிடம் ஓடினோம். கூட்டமான கூட்டம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் பகவதியிடம் நேர்ந்துகொண்டேன். என் குழந்தைக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் அவள் கேட்ட மூன்று வருஷத்தையும் கொடுத்துவிடுகிறேன், வாயைத் திறந்து தடுக்க மாட்டேன் என்று. டாக்டர் பிலிமை வெளிச்சத்தில் பிடித்தார், தலைகீழாகத் திருப்பினார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மாமி, இதுல எலும்பே இல்லியே, இது மனுஷாளோட படமே இல்லை, பேடிக்காம, ஒரு பயமும் இல்லாம ஆத்துக்குப் போங்கோ என்றார். அப்பாவுக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகைதான் வந்தது.

உன் கடிதம் அதற்கப்புறம்தான் ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. பிலிம் மடங்கிவிடக் கூடாதென்று தனிக் கவரில் போட்டாயாம். நீயே முதல்முதலாக எடுத்த படமாம், அயோடின் ஆவிக்குள் வெளிச்சத்தை விட்டு எடுத்ததாம். உன் முழங்கால் சிராய்ப்புக்கெல்லாம் நான் தடவின டிங்சரில் இருக்கிற அதே அயோடின் என்று நீ எழுதின பிறகுதான் அது எனக்கு வேண்டப்பட்டதாயிற்று. இரண்டு அணுக்கள் கைகோத்துக்கொண்டு துடித்தபடி இருக்குமாம், ஆனால் இஷ்டத்துக்குத் துடிக்க முடியாதாம், மாடிப்படி மாதிரி இந்தப் படி அல்லது அந்தப் படி, நடுவில் நிற்க இடமே கிடையாதாம். வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு மேலே போகப் போகப் படிகள் நெருங்கி வருமாம், ஓர் இடத்துக்கு மேல் படியே இல்லை, இரண்டும் கையை விட்டுவிட்டுத் தனித்தனியாகப் போய்விடும், அந்த இடத்தைத் துல்லியமாக அளக்கத்தான் மூன்று வருஷம் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். பாதி புரிந்தது. பிலிமை மாடி ஜன்னலில் சாய்த்து வைத்திருக்கிறேன். மழை வெளிச்சம் படிக்கு ஒன்றாக விழுந்த அந்தக் கோடுகள் வழியாக உள்ளே வருகிறது, ஒரு பக்கம் விலகி விலகி, போகப் போக நெருங்கி, கடைசியில் கோடே இல்லாமல். அந்தக் கடைசி இடத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, அடுப்பில் பால் பொங்கி வழிந்து அடி பிடித்து அப்பா வந்துதான் இறக்கி வைத்தார். ஒரு கண்ணுக்கும் படாத ஒன்று இத்தனை ஒழுங்காக நடந்துகொள்கிறதே, அதை என் வயிற்றில் பிறந்தவள் பார்த்துவிட்டாளே என்று பெருமையாக இருந்தது. பிரிகிற இடத்தை அளக்கவா அவ்வளவு தூரம் போனாள் என்று துக்கமாகவும் இருந்தது.

நேர்ச்சை விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். கொழந்தைக்கு ஒடம்புக்கு ஒண்ணுமே வரலியேடி, இல்லாத வியாதிக்கு ஏது நேர்ச்சை, அது செல்லாது, பேசாம வரச்சொல்லி எழுது என்கிறார். வாதம் பண்ணுகிற மனுஷர் இல்லை அவர், உனக்கே தெரியும். உன்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தினமும் மாடிக்குப் போய் மேஜை விளக்கைப் போட்டுப் பார்த்து அணைத்துவிட்டு வருகிறார். பொய் சொல்வானேன், நானும் ஒரு நாள் முழுக்க அவர் சொன்ன வழியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். பகவதிக்குத் தெரியாதா, அம்மிணியின் வாயால் வந்த பயம் என்று. ஆனால் குழந்தாய், அந்தப் பெஞ்சில் நான் கேட்டது நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இல்லை. நீ இருக்க வேண்டும் என்று கேட்டேன். அதைவிட உண்மையாக நான் எதையும் கேட்டதில்லை. எக்ஸ்ரே பொய்யாகப் போனதனால் அது பொய்யாகிவிடாது. அதனால் நீ இரு. எனக்குப் பூரண சம்மதம்.

ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ரசப்பொடி கப்பல் தபாலில் வருகிறது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள். இனிமேல் பிலிம் அனுப்பினால் கவர் மேல் அயோடின் என்று பெரிதாக எழுது, அம்மிணிக்காக மலையாளத்திலும் எழுது. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பகவதி உன்னைக் கைவிட மாட்டாள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். நான் நேர்ந்துகொண்டது மூன்று வருஷத்துக்கு. நாலாவது வருஷத்தைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
கமலாக்ஷி