இரண்டு கண்ணுக்கும் ஒரு கையெழுத்து

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பியும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் எங்கள் கட்சியில் இல்லை, மற்றபடி குறை ஒன்றும் கிடையாது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். போனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ "சரிப்பா, சரிப்பா" என்று ஏழு தடவை சொல்லிவிடுகிறாய், அந்த ஏழில் ஒன்றுகூடச் சரி இல்லை என்பது எனக்குத் தெரியும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். அதுவும் போக, உன் கம்பெனி அனுப்பிய குடும்பச் சம்மதத் தாளில் நான் பேனாவால் கையெழுத்துப் போட்டுத் தபாலில்தான் அனுப்ப வேண்டுமாம். மனிதனை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும் கடைசியில் ஒரு அப்பனின் கோழிக்கிறுக்கல் தேவைப்படுகிறது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குப் பள்ளிக்கூட ஆபீசில் புது மேஜை கொடுத்திருக்கிறார்கள், ஜன்னல் பக்கம், அதனால் இப்போது கொஞ்சம் மெதுவாகத்தான் வீடு திரும்புகிறாள். தம்பி மூன்றாவது தடவையும் டிரைவிங் டெஸ்டில் தோற்றுவிட்டான். சோதிக்க வந்த அதிகாரிக்கு அவன் முகம் பிடிக்கவில்லையாம். நான் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தபோது வாத்தியாரைப் பற்றி இதையேதான் வீட்டில் சொன்னேன், அதனால் அவனைத் திட்ட எனக்கு வாயில்லை. குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, நான் பழுது பார்த்ததால் இல்லை, ஆள் வந்து பார்த்ததால்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவிடம் பக்குவமாகச் சொல் என்று நீ அம்மாவிடம் சொன்னாயாமே, உன் அம்மாவின் பக்குவத்தைக் கேள். நான் வாய் கொப்பளித்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் வந்து நின்று, "உங்க பொண்ணு ரெண்டு கண்ணுலயும் இருக்கறத எடுத்துட்டு கம்பெனி லென்ஸ் வச்சுக்கப் போறாளாம், பதினெட்டாம் தேதி, துண்ட எங்க போட்டீங்க" என்று ஒரே மூச்சில் கேட்டாள். அன்று நான் விழுங்கிய தண்ணீர் எந்தப் பக்கம் போனது என்று இன்னும் தெரியவில்லை. பிறகுதான் முழுதாகக் கேட்டேன். நீ பூதக்கண்ணாடிக் கருவியில் குனிந்து, நகத்தளவு கம்ப்யூட்டர் சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில், இனி கருவியே வேண்டாமாம், கண்ணே கருவியாகிவிடுமாம். அரை இருட்டிலும் தெரியுமாம், இரண்டு தெரு தள்ளி இருக்கும் பலகையைப் படிக்கலாமாம், பார்த்ததைச் சேமித்து வைத்து மறுபடி பார்க்கலாமாம். வைத்துக்கொள்கிறவர்களுக்குப் பிரிவுத் தலைமை, வைத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெட்டி கட்டும் பகுதி. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று நீ அம்மாவிடம் மூன்று தடவை சொன்னாயாம். கட்டாயமில்லாத ஒன்றை எதற்கம்மா மூன்று தடவை சொல்ல வேண்டும்?

நீ கேட்ட கேள்வியை அம்மா அப்படியே என்னிடம் சொன்னாள். "போன வருஷம் அம்மா கண்ணுல வச்ச லென்ஸ் மட்டும் என்னவாம், அதுக்கு நீங்கதான வாசல்ல நின்னு எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தீங்க" என்று. உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் எனக்குப் பதில் வரவில்லை. நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஒரே ஃப்ரேமைத் துடைத்துத் துடைத்து அதன் பெயர் எழுத்தே போய்விட்டது. முப்பத்தோரு வருஷமாக நான் செய்வதும் அதுதானே, கடவுள் கொடுத்ததற்கு மேலே இரண்டு கண்ணாடித் துண்டை ஒட்டி விற்பது. என் பின்பல் இரண்டும் பல் டாக்டர் செய்தது. முழங்காலுக்குப் புதிது கொடுத்தால் நாளைக்கே வாங்கிப் போட்டுக்கொள்வேன். ஆகவே மனிதனுக்குள் எதையும் வைக்கக் கூடாது என்று பேச எனக்கு யோக்கியதை இல்லை. மூன்றாம் நாள்தான் பதில் வந்தது. அம்மாவின் கண்ணில் மங்கிப்போனதை எடுத்துவிட்டுத் தெளிவானதை வைத்தார்கள். வைத்த டாக்டர் நாளைக்கு ஊரைவிட்டே போனாலும் அது பாட்டுக்கு இருக்கும். உன் கண்ணில் மங்கிய எதுவும் இல்லை. என் கடையில் கண் சோதிக்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரியை, அதற்கும் கீழே அச்சாபீஸ்காரன் பொடியாகப் போட்டிருக்கும் அவன் விலாசத்தை, தள்ளி நின்று படித்தவள் நீ ஒருத்திதான்.

சந்தேகம் வந்ததும் சும்மா இருக்க என்னால் முடியுமா. போன வாரம் எங்கள் கண்ணாடி வியாபாரிகள் சங்கத்தில் ஒரு கூட்டம். உனக்கு வைக்கப் போகிறார்களே, அதே லென்ஸைச் செய்யும் நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து பேசினார். நல்ல கோட்டு, நல்ல குரல். மனிதன் என்பவன் பாதியில் நிற்கும் வேலையாம், இனி நாமே அதை முடிக்கப்போகிறோமாம். மறதி இருக்காது, களைப்பு இருக்காது, இருநூறு வயது சர்வ சாதாரணம் என்றார். இதைச் சொல்லும்போது அவருக்குக் கடுமையான ஜலதோஷம், இருநூறு வயதுக்கு நடுவே ஆறு தடவை தும்மினார். பின் வரிசையிலிருந்து நான் எழுந்து, "சார், இருநூறு வயசுக்கு கேரண்டி கார்டு யார் பேர்ல குடுப்பீங்க, எனக்கா, என் பேரனுக்கா" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, அடுத்த கேள்வி என்றார். என் பக்கத்தில் இருந்த சங்கச் செயலாளர் வேட்டியைப் பிடித்து இழுத்து, "உக்காருய்யா, டீ வரப்போவுது" என்றார்.

சிரிப்பு அதோடு போகட்டும். டீ குடிக்கும்போது நடந்ததுதான் உனக்குச் சொல்ல வேண்டியது. அந்த மனிதரின் மூக்கில் ஒரு கண்ணாடி இருந்தது, சிட்டு. தூரத்திலிருந்தே கவனித்தேன், ஓரத்தில் முகம் உள்ளே ஒடுங்கித் தெரிந்தது, பவர் மைனஸ் நாலுக்குக் குறையாது. வலது காது பக்கம் ஸ்க்ரூ ஆடுகிறது, அவர் நொடிக்கொரு தரம் விரலால் ஏற்றிவிடுகிறார். என் சட்டைப் பையில் சின்ன ஸ்க்ரூடிரைவர் எப்போதும் இருக்கும் என்று உனக்குத் தெரியுமே, வாங்கி முறுக்கிக் கொடுத்தேன். ரொம்ப நன்றி என்றார். பணிவாகத்தான் கேட்டேன், "ஏன் சார், நீங்க இன்னும் அந்த லென்ஸ் வச்சுக்கலையா" என்று. கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "இல்லைங்க, அடுத்த மாடல் வரட்டும்னு பாக்கறேன், இதுல இன்னும் கொஞ்சம் சரி பண்ண வேண்டியிருக்கு" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், பாவம், ஜலதோஷம் வேறு. எனக்குக் கையில் இருந்த டீ ஆறிப்போனது. அவர் கண்ணுக்கு அடுத்த மாடல் வரலாம். என் மகள் கண்ணுக்கு இந்த மாடலா?

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நீ அனுப்பிய கம்பெனி ஒப்பந்தம் பதினாலு பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டேன். பாதி வார்த்தை எனக்குப் புரியாது, அம்மா ஆபீஸ் அகராதியோடு உட்கார்ந்தாள். எட்டாம் பக்கம், முப்பத்தோராவது பத்தி. நீ படித்தாயா இல்லையா தெரியவில்லை, படித்திருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பாய் என்று நினைக்கிறேன். வேலையில் இருக்கும் வரை லென்ஸின் கூடுதல் சக்திகள் இயங்கும், வேலையை விட்டாலோ விலக்கப்பட்டாலோ அது அடிப்படைப் பார்வைக்குத் திரும்பும் என்று போட்டிருக்கிறது. அடிப்படைப் பார்வை என்றால் எவ்வளவு? பதினாலு பக்கத்திலும் தேடினோம், எங்கேயும் இல்லை. உன்னிடம் இப்போது இருக்கும் பார்வையா, அதைவிடக் குறைவா, என்னுடைய இந்தக் கிழட்டுப் பார்வையா? என் தொழிலில் ஒரு எண் போடாமல் ஒரு கண்ணாடியைக்கூட வெளியே அனுப்ப முடியாது. இரண்டு கண்ணை எடுக்கிறவன் ஒரு எண்ணைப் போட மறந்துவிட்டான் என்றால் நம்பச் சொல்கிறாயா? நாளைக்கு மேலதிகாரியோடு உனக்கு ஒரு வாக்குவாதம் வருகிறது என்று வை, உன் வாய் உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பேசுவதற்கு முன்னால் வேலை போய்விடுமா என்று யோசிப்பது எல்லாருக்கும் உள்ளது, நானும் மற்றவர் கடையில் பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். வெளிச்சம் போய்விடுமா என்று யோசித்துப் பேச வேண்டிய நிலைமை எனக்கு இருந்ததில்லை.

உன் தம்பி என்னை விடுவானா. "அப்பா, எல்லாரும் இத வச்சுக்கிட்டா உங்க கடைக்கு எவன் வருவான், அந்த பயம்தான உங்களுக்கு" என்கிறான். இருக்கலாம். முழுக்க இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன், மனதுக்குள் எந்த மூலையில் என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன். கடை வைத்த புதிதில் ஒரு தையல்காரருக்கு, என் திறமையைக் காட்டுவதற்காக, சோதனையில் வந்த பவரை இம்மிகூடக் குறைக்காமல் போட்டுக் கொடுத்தேன். ஊசிக் காது பளிச்சென்று தெரிகிறது என்று கையைப் பிடித்துக்கொண்டார். நாலாம் நாள் தலைசுற்றி மாடிப்படியில் உருண்டுவிட்டார். கை எலும்பு முறிந்து இரண்டு மாதம் மிஷின் மிதிக்கவில்லை. அதற்குப் பிறகு யார் வந்தாலும் கால் பவர் குறைத்துப் போட்டு ஒரு வாரம் பழகச் சொல்லி, மறுபடி வரவழைத்துத்தான் மீதியைக் கொடுக்கிறேன். கண்ணுக்கு என்று சொந்தமாகக் கொஞ்சம் வேலை இருக்க வேண்டும், சிட்டு, அது எங்கேயும் எழுதி வைத்ததில்லை, நான் ஒருவரை விழவைத்துக் கற்றுக்கொண்டது. என் கண்ணாடி பிடிக்கவில்லை என்றால் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என்னை நாலு வார்த்தை திட்டலாம். உன்னுடையதை எங்கே கழற்றி வைப்பாய்?

இவ்வளவு எழுதியும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுதான் முதலில் தாளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அம்மாதான் சாவியைக் கேட்டாள். "நீங்க போடலன்னா அவ நிறுத்திடுவாளா? நம்மகிட்ட சொல்லாம பண்ணிக்குவா. இந்தத் தடவ சொல்லிருக்கா பாருங்க, அதயும் கெடுத்துக்காதீங்க" என்றாள். வீட்டில் படித்தவள் அவள்தான் என்பதை அவ்வப்போது இப்படி நிரூபிப்பாள். ஆகவே போட்டிருக்கிறேன், இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. ஆனால் அதில், எனக்கு எல்லாம் விளக்கப்பட்டது, எல்லாம் புரிந்தது என்று அச்சடித்த ஒரு வரி இருந்தது. அதை ஸ்கேல் வைத்து நேராக அடித்துவிட்டேன். மேலே, விளக்கப்படவில்லை, அடிப்படைப் பார்வை எவ்வளவு என்று எண்ணில் எழுதிக் கொடுங்கள் என்று எழுதி, அதற்குக் கீழேதான் என் கையெழுத்து. இந்தத் தாளை அவர்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று நீ சொல்லலாம். ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று கேள், அந்த பதிலை மட்டும் எனக்குச் சொல். எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டால் உன் இஷ்டம், நான் வாயைத் திறக்க மாட்டேன். அம்மா இதைப் படித்துவிட்டு, திறக்க மாட்டேன் என்பதை அடிக்கச் சொல்கிறாள், பொய் எழுதக் கூடாதாம்.

வேளைக்குச் சாப்பிடு. அந்தக் கருவியில் குனிந்து குனிந்து கழுத்து வலிக்கிறது என்றாயே, மணிக்கு ஒரு தரம் எழுந்து ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் எதையாவது பார். உனக்கு என்ன நடந்தாலும், எதை வைத்துக்கொண்டாலும், பெட்டி கட்டும் பகுதிக்கே போனாலும், நீ நீண்ட ஆயுளோடும் குறையில்லாமலும் இருக்க வேண்டும், அது இருநூறாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மறந்துவிடாதே, முப்பத்தோராவது பத்தி, எட்டாம் பக்கம். இன்னொன்று, பத்தொன்பதாம் தேதிக்கு அம்மா இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள், என்னைக் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை. நீ வைத்துக்கொண்டால் கட்டுப் போட்ட கண்ணோடு இருப்பவளுக்கு வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். வைத்துக்கொள்ளவில்லை என்றால் நீயே ரயில் நிலையத்துக்கு வந்து எங்களைக் கூட்டத்தில் கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு போ. நீலச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன்.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அப்பா