ஆர்டிஸின் ரீலில் இருந்த கீறல்

பைன் ஏரி, மினசோட்டா
ஏப்ரல் 24

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

உன் கணவன் வெண்டல் எழுதுவது. தொலைபேசியில் கூப்பிட்டால் உன் அக்கா லோர்னா எடுத்து, "அவ தூங்கறா" என்கிறாள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குமா தூங்குவாய்? அதனால்தான் கடிதம். இதையும் அவளே பிரிப்பாள் என்று தெரியும். வணக்கம், லோர்னா.

இங்கே எல்லாம் சௌக்கியம். ஏரியில் ஐஸ் போன செவ்வாயோடு முழுக்க உருகிவிட்டது. சர்ச் பெண்கள் முறைவைத்து, இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் கொண்டுவந்து தருகிறார்கள், சாவு வீட்டுக்குக் கொடுக்கும் அதே பெரிய பாத்திரத்தில். "பாவம், தனியா இருக்கீங்க" என்று பாஸ்டரின் மனைவி என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். ஆர்டிஸ் டுலூத்தில் அக்கா வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள், பரலோகத்துக்கு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஹாட்டிஷ் சூடாக இருந்ததால் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் ஃபிளானல் நைட்டியைக் கிழித்தது தப்புதான். ஆனால் நீயே யோசித்துப் பார். தூண்டில் நூல் சுற்றுகிற பழைய ரீல் என்றால் மேல்பூச்சு, கண்ணில் புரை விழுந்ததுபோல் மங்கிப் போயிருக்கும். அதைக் கண்ட துணியால் தேய்க்க முடியுமா? கார் பாலிஷை மிளகளவு தொட்டு, மிருதுவான துணியால் வட்டம் வட்டமாக... இதோ, மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

நீ கோபப்பட்டது நைட்டிக்காக இல்லை என்று புரியவே எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. பக்கத்து வீட்டு ஹால்வரின் ரீலுக்காக அதைக் கிழித்தேனே, அதுதான். "ஊர்ல உள்ளவன் ரீலெல்லாம் பளபளக்குது, என்னுது மட்டும் நாலு வருஷமா பெட்டிக்கு அடியில கிடக்குது!" என்று கத்திவிட்டுக் கிளம்பினாய். நான் அப்போதும், பாலிஷ் காய்ந்துவிடுமே என்று தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா?

ஆகவே உன் ரீலை எடுத்தேன். ஒன்பது நாள் வேலை. மங்கல் எல்லாம் போய்க் கறுப்பு அப்படியே மின்னுகிறது, முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். பக்கத்தட்டில் மட்டும் பொல்லாத கீறல்கள். விடுவேனா? இரண்டு நாள் தேய்த்து, இருந்த இடம் தெரியாமல் ஆக்கினேன். பெருமை தாங்காமல் ஹால்வரிடம் காட்டினேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடப்பாவி, 'இது ஆர்டிஸோடது, வெண்டல் தொடக் கூடாது'ன்னு நீ எடுக்கவே மாட்டேங்கற கோவத்துல உன் பொண்டாட்டி ஊசியால கீறி என்கிட்ட காட்டினாளே, அது எங்கடா?" என்றான்.

கண்ணாடி போடாமல் தேய்த்திருக்கிறேன், ஆர்டிஸ். ஹால்வர் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "இதையும் அவகிட்ட மறைச்சே, அப்புறம் ஆயுசுக்கும் ஹாட்டிஷ்தான்டா உனக்கு" என்றான். அதனால் சொல்லிவிட்டேன்.

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை மீன்பிடிக் காலம் ஆரம்பம். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த நாளை ஒரு முறையும் நான் தவறவிட்டதில்லை. நம் மகள் பிறந்த அன்றும் ஆஸ்பத்திரிக்கு மீன் நாற்றத்தோடுதான் வந்தேன். இந்த வருஷம் அன்று விடியும்போது படகு கொட்டகையிலேயே கிடக்கும். நான் லோர்னா வீட்டு வாசலில் காரில் இருப்பேன். இதைச் சொன்னதும் ஹால்வர் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

ஹாரன் அடிக்க மாட்டேன். ரீலைக் கொடுத்துவிட்டுப் போ என்று நீ சொன்னால் போய்விடுகிறேன். அது உன்னுடையது, உன்னிடமே இருக்கட்டும். ஆனால் நீ திட்டுகிற மாதிரி என்னைத் திட்ட இந்த வீட்டில் ஆளில்லை, ஆர்டிஸ். தாங்க முடியவில்லை. வந்துவிடு.

உன்,
வெண்டல்