ஆறாம் அத்தியாயத்துக்குப் பிறகு

சிதம்பரம்

அன்புள்ள உனக்கு,

கோபத்தில் எதையாவது விட்டுவிடுவேனோ என்று முதலிலேயே எண் போட்டுக்கொள்கிறேன்.

1. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பழைய கம்ப்யூட்டரைக் கேட்காமல் காயலான் கடைக்குப் போட்டாய்.
2. என் புத்தகத்தை ஆறாம் அத்தியாயத்துக்கு மேல் டைப் அடிக்காமல் கைவிட்டாய்.
3. கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு கடலூரில் மகள் வீட்டில் உட்கார்ந்துவிட்டாய்.

“கம்ப்யூட்டருக்குள்ள கரப்பான் குடும்பம் நடத்துது, அதுக்குப் போயி இம்மாங் கத்துறீங்க” என்றாயே, அது இன்னும் எரிகிறது.

கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போகுமுன் மருமகன் அதிலிருந்ததையெல்லாம் நகல் எடுத்துவைத்திருந்தார். அந்த நகலை, பழைய கம்ப்யூட்டர் போலவே நடிக்கும் எமுலேட்டரில் போட்டு, என் லேப்டாப்பில் ஓட்டினேன். கோப்புகளை வெளியே எடுக்க எமுலேட்டரையும் லேப்டாப்பையும் நெட்வொர்க்கில் இணைக்க வேண்டும். நெட்வொர்க் முகவரியில் ஓர் எண் பிசகியதில் மூன்று நாள் போயிற்று. புத்தகத்தின் பெயரை அடித்துத் தேட, கீபோர்டுக்கு நான் செல்போனில் பழகிய முறையை வைத்தேன். ஒரு தமிழ் எழுத்தும் சரியாக விழவில்லை.

“அத்தை அடிச்சது டைப்ரைட்டர் முறை, மாமா. அதை வெச்சுப் பாருங்க” என்றார் மருமகன் போனில்.

வைத்ததும் எழுத்துகள் ஒழுங்காக விழுந்தன. தேடினேன். பன்னிரண்டு அத்தியாயங்களும் இருந்தன. கடைசி ஆறின் தேதிகள், நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள். பகலெல்லாம் என்னோடு இருந்தாயே, எப்போது அடித்தாய்? அதைச் சொல்லவாவது செய்திருக்கலாம். நான் சொல்லவிட்டேனா என்பதும் சந்தேகம்தான்.

பதிமூன்றாவது அத்தியாயம் இன்னும் என் கையெழுத்தில் இருக்கிறது. கீபோர்டை உன் முறையிலேயே விட்டுவைத்திருக்கிறேன்.

மேலே எண் போட்டவற்றில் முதலாவதும் மூன்றாவதும் அப்படியே நிற்கின்றன. இரண்டாவதை நான் எழுதியது தவறு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்