ஆறு ஏக்கரும் இரண்டு நாற்காலியும்

ஆர்.கே.பேட்டையில் அண்ணன் வீட்டில் கோபமாக வீற்றிருக்கும் மகாராணிக்கு,

ஜெயித்துவிட்டேன். நம் ஆறு ஏக்கரும் தரிசாகாமல் குத்தகைக்குப் போய்விட்டது. ஆளெல்லாம் கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளுக்கு ஓடிவிட, நிலம் கேட்டு வந்தவள் எல்லம்மா ஒருத்திதான், புருஷனோடு. வழக்கம்போல நிற்க வைத்தே பேச்சை ஆரம்பித்தேன்.

"நிக்கிறதுக்குக் கம்பெனியில சம்பளம் தர்றாங்க ஐயா. குத்தகைன்னா உக்காந்துகினுதான் பேசுவேன்" என்றாள்.

போன வருஷம் அவள் உட்கார நீ எடுத்துப்போட்டு, நான் பிடுங்கி உள்ளே தள்ளியதில் நமக்குள் சண்டை மூண்டதே, அதே நாற்காலியை நானே தூக்கிவந்தேன். என்னுடையதில் அவள் புருஷன் உட்கார்ந்துவிட்டான். ஏக்கருக்கு ஆறு மூட்டை என்று அவள் சொல்லச் சொல்ல, சீட்டை நான் எழுதினேன்.

உனக்கென்று மூன்றாவது நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். வந்து உட்கார்.

இப்படிக்கு,
நின்றபடியே எழுதும் உன் வீட்டுக்காரன்