மடித்த லுங்கியும் உங்கள் கடைசிப் படமும்

கடைசி நாள் வரை என்னோடு சண்டை பிடித்த அன்பு அண்ணே,

படம் வந்துவிட்டது. அம்பத்தூரில் மூன்றாவது வாரம் ஓடுகிறது. உங்கள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள். புகழ்ந்து மட்டும் எழுதினால் நீங்களே கிழித்துப் போடுவீர்கள். "திட்டி எழுது தம்பி. ஆனா முழுசா பார்த்துட்டு எழுது" என்றீர்கள். எழுதுவதற்குள் போய்விட்டீர்கள்.

முழுசாகப் பார்த்தேன். இரண்டு முறை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நீங்கள் எடுத்த முதல் இரண்டு படங்களில் தொழிற்சாலை வாசல் இருந்தது, பசி இருந்தது. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து அப்பா எங்களைக் கூட்டிப்போய்க் காட்டிய படங்கள் அவை. அப்புறம் பத்து வருடம் என்ன செய்தீர்கள்? கதாநாயகனுக்கு வெள்ளை ஷூ. அடி வாங்குகிறவனெல்லாம் கறுப்பாக, லுங்கியோடு, எங்கள் தெருவிலிருந்து வந்தான். அந்தப் படங்களை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. உங்களிடம் உதவி இயக்குநராகச் சேர்ந்த நாளிலிருந்தே அதற்குத்தான் சண்டை.

இந்தப் படத்துக்காக அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் எடுத்த ஷாட் நினைவிருக்கிறதா? லேத் பட்டறையில் வேலை செய்யும் ஏழுமலையை ரவுடிக் கூட்டத்தில் உட்கார வைத்தோம். போலீஸ் உடையில் நடிகர் வரும்போது, மடித்துக் கட்டிய லுங்கியோடு அவன் எழுந்து முறைக்க வேண்டும். அவனோ எழுந்ததும் லுங்கியை இறக்கிவிட்டு, பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மூன்று டேக்கிலும் அதே.

"ஏன்யா எறக்குற?" என்றீர்கள்.

"நான் எறக்கல சார். காக்கியக் கண்டா கை தானா எறக்கிடுது. இது ஷூட்டிங்குன்னு கைக்கு இன்னா தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "இத்தன படத்துல ஒருத்தன்கூட இப்படிச் செய்யலையேடா" என்று என் பக்கம் திரும்பினீர்கள். "செஞ்சிருப்பாங்கண்ணே. நீங்க கட் சொல்லியிருப்பீங்க" என்றேன். அன்று அதோடு படப்பிடிப்பை நிறுத்திவிட்டீர்கள்.

படம் மாறியது அங்கேதான். ஒரு ரவுடியின் இருபது வருட வாழ்க்கை, மூன்று மணி நேரம். அவன் கையில் கத்தி கொடுத்தது யார், வேலைநிறுத்தத்தை உடைக்க அவனைக் கூப்பிட்டது யார், திருமழிசைப் பக்கத்து வயல்கள் யார் பெயருக்குப் போயின, எதையும் நீங்கள் மறைக்கவில்லை. ஏழுமலை லுங்கி இறக்கியதும் அப்படியே இருக்கிறது. நீங்கள் எடுத்ததில் சிறந்த படம் இதுதான். எவரோடும் வாதாடத் தயார்.

ஆனால் அந்த முடிவு? போலீஸ் அந்த ரவுடியைச் சுடும்போது கேமரா துப்பாக்கிக்குப் பின்னால் நிற்கிறது. தியேட்டரே கைதட்டுகிறது. பக்கத்து சீட்டிலிருந்த ஏழுமலை கேட்டான்: "அண்ணாத்தே, இவனுங்க யாருக்குத் தட்றானுங்க?" உங்களிடம் பதில் இருந்ததா?

இன்னொரு செய்தி. போன வாரம் அதே டீக்கடைக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்தார், நிஜமானவர். "இன்னாடா ரவுடி, சைக்கிள் ஒண்ணு காணோம். ஸ்டேஷனாண்ட வந்து கையெழுத்துப் போடு" என்றார். ஏழுமலையின் கை லுங்கி முடிச்சுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"படத்துலதான் சார் ரவுடி. நெசத்துல லேத் ஆப்பரேட்டரு. டீ சொல்லட்டா?"

லுங்கி இறங்கவில்லை. அவர் முறைத்துவிட்டுப் போனார். நாளைக்கே திரும்பி வரலாம்.

அந்தக் கை நின்றதில் உங்கள் படத்துக்கும் பங்கு உண்டு. அதனால்தான் உங்கள் முடிவின் மேல் இத்தனை கோபம்.

ஏழுமலையை வைத்து என் முதல் படத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். அதன் கடைசிக் காட்சியில் கேமரா ஏழுமலையின் தோளருகே, துப்பாக்கியைப் பார்த்தபடி நிற்கும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அவன் கை என்ன செய்தாலும் கட் சொல்ல மாட்டேன்.

ஆவடியிலிருந்து,
நீங்கள் திட்டிக்கொண்டே சோறு போட்ட தம்பி